பிரியும் பெற்றோர் பிள்ளைகளிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து வாழ முடிவெடுத்துவிட்டோம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 4. யாரோடு இருப்பது என்று பிள்ளைகளிடமே கேட்டுவிடலாம் என்கிறார் கணவர். இந்த வயதில் அவர்களிடம் போய் இதைக் கேட்பதா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்கலாமா?

பதில்: பிள்ளைகளிடம் அவசியம் பேசுங்கள். ஆனால் "அம்மாவா, அப்பாவா?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம். எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒருவரைக் கைவிட்டதாகவே உங்கள் மகள் நினைப்பாள். முடிவெடுப்பது உங்கள் இருவரின் பொறுப்பு. அதை அவள் தலையில் கட்டுவது நியாயமில்லை. தன் மனதில் உள்ளதைச் சொல்வதும், அதைப் பெரியவர்கள் மதித்துக் கேட்பதும்தான் அவளுக்குள்ள உரிமை.

1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்வதும் இதுதான். தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் குழந்தை கருத்துச் சொல்லலாம். அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும். குறைந்தபட்ச வயது என்று எதுவும் கிடையாது. விளையாட்டு, படம், முகபாவம் வழியாகச் சிறு குழந்தைகள் உணர்த்துவதையும் கவனிக்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2009இல் விளக்கியது. ஆகவே உங்கள் மகனும் கணக்கில் உண்டு. அவனோடு விளையாடும்போது எதற்குப் பயப்படுகிறான், யாரைத் தேடுகிறான் என்று பாருங்கள்.

மகளிடம் முதலில் நிலைமையைச் சொல்லுங்கள். எது முடிவாகிவிட்டது, எது இன்னும் முடிவாகவில்லை என்று தெரியாமல் அவள் என்ன கருத்துச் சொல்வாள்? அப்புறம் அன்றாட விஷயங்களைக் கேளுங்கள். பள்ளி மாறினால் எப்படி இருக்கும், இரண்டு வீட்டுக்கும் போய்வருவதில் எது சிரமம், எது மாறவே கூடாது என்று நினைக்கிறாள்? கூடுமானால் இருவரும் சேர்ந்து பேசுங்கள். வீட்டில் வன்முறையோ மிரட்டலோ இருந்தால் மட்டும் சேர்ந்து உட்காராமல், பயிற்சி பெற்ற ஆலோசகர் அவளோடு தனியாகப் பேசட்டும். அவள் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். பேசுவது உரிமைதான், கடமை அல்ல.

பெரும்பாலான பெற்றோர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். முடிவெடுத்ததும் மகளிடம் திரும்பிப் போய், "நீ சொன்னதில் இதை ஏற்றுக்கொண்டோம், இதைச் செய்ய முடியவில்லை, காரணம் இது" என்று விளக்க வேண்டும். அந்த விளக்கம் இல்லாவிட்டால், பேசியும் பயனில்லை என்றுதான் அவளுக்குப் படும். அடுத்த முறை வாயே திறக்க மாட்டாள்.

விஷயம் நீதிமன்றம் போனால், பிள்ளை நேரடியாகவோ பிரதிநிதி மூலமாகவோ கருத்துச் சொல்ல அதே 12ஆம் பிரிவு இடம் தருகிறது. எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைக்காமல் தனியறையில் கேட்கும்படி உங்கள் வழக்கறிஞர் மூலம் கோருங்கள். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் இருவருமே சொல்லிக்கொடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் "என்ன சொன்னாய்?" என்று துருவவும் வேண்டாம்.