மாரித் தொடக்க வெட்டு: வேலிச் செடிக் கேள்வி-பதில்

உவர்மலை வாசகி: லண்டனில் அக்கா வீட்டு முன்னால் பொக்ஸ் செடி வேலி, அச்சில் வார்த்த மாதிரி நிற்கிறது. அவ வரும்போது நாலு கொப்பு முறித்து வரச் சொல்லட்டா ஐயா?

வேண்டாம் தங்கச்சி. அனுமதிப்பத்திரம் இல்லாமல் செடி கொப்பு கொண்டுவர 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடாது. கொண்டுவந்தாலும் குளிர் கண்ட செடிக்கு நம் வறண்ட கச்சான் காற்று ஒத்துவராது. அங்கேயே அது வருஷத்துக்கு நாலைந்து அங்குலம்தான் வளரும். போதாததற்குக் கிழக்காசியாவிலிருந்து போன ஓர் அந்துப்பூச்சியின் புழு அங்குள்ள வேலிகளை மொட்டையடிக்கிறது. உங்களுக்கு வேண்டியது அந்த இறுக்கம்தானே? டுரன்டா வையுங்கள், ஒன்றரை அடிக்கு ஒன்று. காய் நச்சு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூக்க விடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள்.

தம்பலகாமம் வாசகர்: டுரன்டா இடுப்பளவு வந்துவிட்டது, அடி வெறுமை. இன்னும் உயரட்டும் என்று கை வைக்கவில்லை.

உயர விட்டதால்தான் தம்பி அடி வெறுமை. நுனிக் குருத்து இருக்கும்வரை கீழ்க் கணுக்களின் மொட்டு கண் திறக்காது. ஒக்டோபரில் மழை பிடித்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். மனம் வராதுதான், வெட்டுங்கள். ஒவ்வொரு கொப்பிலும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. பிறகு புதுத் துளிர் ஒரு சாண் வரும்போதெல்லாம் பாதியை எடுங்கள். உயரம் மெல்ல வரட்டும். அடி அகலமாகவும் தலை சற்று ஒடுங்கியும் இருந்தால்தான் கீழ் இலைக்கு வெயில் கிடைக்கும். தலை பருத்த வேலி அடியில் சொட்டையாகும். கத்தரி மழுங்கியிருந்தால் வெட்டுவாய் நார்நாராகக் கிழிந்து மறுநாளே பழுப்பேறும். கச்சான் நாளில் உச்சி வெயிலில் வெட்டவே கூடாது, நிழலில் இருந்த உள்ளிலை கருகிவிடும்.

கிண்ணியா வாசகி: வெட்டிய கொப்புகளை நட்டேன். ஒரு கிழமை பச்சை, பிறகு எல்லாம் செத்துவிட்டது.

இலையைக் குறைக்காமல் நட்டிருப்பீர்கள். வேரில்லாத தண்டு அத்தனை இலைக்கும் தண்ணீருக்கு எங்கே போகும்? பென்சில் பருமனான, அரைவாசி முற்றிய கொப்பை ஆறு அங்குலத்துக்கு, கணுவுக்கு நேர் கீழே வெட்டுங்கள். மேலே இரண்டு இலை போதும், அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். ஆற்று மணலும் தும்புத்தூளும் சரிபாதி கலந்து, துளையிட்ட பையில் நிரப்பி நடுங்கள். மாட்டெரு இப்போது வேண்டாம், தண்டு அழுகும். மாமர நிழலில் வைத்துப் பொலித்தீனால் மூடுங்கள். துளிர் கண்டதும் வேர் பிடித்தது என்று இழுத்துப் பார்க்காதீர்கள். தண்டில் மிச்சமிருக்கும் சத்திலேயே அது துளிர்க்கும். பையின் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கட்டும்.

நிலாவெளி வாசகர்: கடல் கிட்ட. எதை வைத்தாலும் நுனி கருகுது.

சங்கங்குப்பி. கடலோரத்துச் செடி, உப்புக்காற்று அதற்குப் பழக்கம். மினுங்கும் இலை, வெட்ட வெட்ட அடர்த்தி. நிலத்தோடு கிடக்கும் கொப்பை மண்ணால் மூடி மேலே ஒரு கல் வையுங்கள். வேர் பிடித்ததும் தாய்ச்செடியிலிருந்து வெட்டி எடுத்து இடைவெளியில் நடலாம். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

சீனன்குடா வாசகி: செம்பரத்தை வேலியில் பஞ்சு மாதிரி வெள்ளை.

வெண்மூட்டுப் பூச்சி. அந்த நுனிகளை வெட்டி எரியுங்கள், நடுவதற்கு எடுக்காதீர்கள். மிச்சத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர், பின்னேரத்தில். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். பூச்சியைக் காவல் காப்பதே அதுதான்.