வேகமாக வளரும் டெக் கம்பெனியில் வேலை எப்படி இருக்கும்? சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் 20,000 ஸ்டாக் ஆப்ஷன் தருகிறார்கள். சேரலாமா?

எச்.ஆர். போனில் "20,000" என்றதுமே மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருப்பீர்கள். ஒரு ஆப்ஷன் என்றால் ஒரு பங்கு என்று வைத்தால், கம்பெனியில் மொத்தம் எத்தனை பங்கு என்று கேட்டீர்களா? 1 கோடிப் பங்கு என்றால் உங்களுடையது 0.2 சதவீதம். 10 கோடி என்றால் 0.02. முதலீட்டாளர்களின் பங்குகள், ஊழியர்களுக்கென்று ஒதுக்கி வைத்தவை எல்லாம் சேர்த்த மொத்தத்தைக் கேளுங்கள். இதுவரை வெளியிட்டதை மட்டும் சொன்னால் உங்கள் சதவீதம் கொழுத்துத் தெரியும். அடுத்த சுற்று முதலீட்டில் புதியவர்களுக்கு 20 சதவீதம் போனால் 0.2 என்பது 0.16 ஆகிவிடும். இன்னொரு சுற்று வந்தால் 0.128.

வெஸ்டிங், அதாவது ஆப்ஷன் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுடையதாகும் காலம், பெரும்பாலும் நான்கு வருடம். முதல் வருடம் கிளிஃப், அது முடியும்வரை எதுவும் கைக்கு வராது. 11 மாதத்தில் கிளம்பினால் ஒன்றுமில்லை. 12 மாதம் முடிந்தால் 5,000, அதன்பின் மாதம் சுமார் 417. இதுவும் பங்கு அல்ல, குறித்த விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமைதான். வேலையை விட்டால் அந்த உரிமை எத்தனை நாள் செல்லும் என்பதை ஆஃபர் லெட்டரில் தேடாதீர்கள், அது ஆப்ஷன் திட்ட ஆவணத்தில் இருக்கும். 90 நாள் என்பது பரவலான வழக்கம். பங்குச் சந்தைக்கு வராத கம்பெனியில் வாங்கிய பங்கை விற்பது லேசில்லை. பல நாடுகளில் வாங்கும்போதே, நீங்கள் கொடுத்த விலைக்கும் அன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வருமானமாகக் கணக்கிட்டு வரி வேறு போடுவார்கள். அதாவது கைக்காசைப் போட்டு, வரியும் கட்டி, எப்போது காசாகும் என்று தெரியாத ஒன்றை வாங்குகிறீர்கள். பலர் விட்டுவிட்டுப் போவது இதனால்தான். பின்டரெஸ்ட் 2015-இல், இரண்டு வருடம் முடித்தவர்களுக்கு இந்தக் கெடுவை 7 வருடமாக நீட்டியது. ஆகவே "மாற்றவே முடியாது" என்று எச்.ஆர். சொன்னால் நம்ப வேண்டாம்.

கம்பெனி விலைபோகும்போது முதலீட்டாளர்கள் போட்ட பணத்தைப் பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 கோடி போட்டிருக்கிறார்கள், 80 கோடிக்கு விற்றது என்றால் மொத்தமும் அவர்களுக்கே. 120 கோடிக்கு விற்றாலும் மீதி 20 கோடியில்தான் நிறுவனர்கள் முதல் நீங்கள் வரை பங்கு. "ஆப்ஷனில்தான் வீடு வாங்கினேன்" என்று கீழே கமென்ட்டில் யாராவது வருவார்கள். வாங்கியிருப்பார்கள், சந்தோஷம். ஆப்ஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறைத்த சம்பளத்தை ஈடுகட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

இனி வேலை. ஆட்கள் இரட்டிப்பானால் பேச வேண்டிய ஜோடிகள் பல மடங்காகும்: 5 பேருக்குள் 10 ஜோடி, 15 பேருக்குள் 105, 50 பேருக்குள் 1,225. நேற்றுவரை நாற்காலியைத் திருப்பிக் கேட்டதை இன்று மீட்டிங் போட்டுக் கேட்பார்கள். இன்டர்வியூ சுமை தனி. ஒரு வேட்பாளருக்கு ஐந்து சுற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம், கருத்து எழுத அரை மணி என்றால் ஏழரை மணி நேரம். பத்துப் பேரைப் பார்த்தால் ஒரு எஞ்சினியரின் இரண்டு வார வேலை போச்சு. ஸ்பிரின்ட் திட்டத்தில், அதாவது டீம் ஓரிரு வாரத்துக்குப் போடும் வேலைப் பட்டியலில், இதை யாரும் எழுத மாட்டார்கள்.

ஆனால் ஆளை உடைப்பது ஆன்கால்தான், அதாவது சிஸ்டம் படுத்தால் எந்நேரமும் எழுந்து பார்க்கும் முறை. வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறும் வேகத்தில் கண்காணிப்பைச் செதுக்க யாருக்கும் நேரமிருக்காது. சர்வரின் சி.பி.யு. பயன்பாடு 80 சதவீதம் தாண்டினாலே ராத்திரி இரண்டு மணிக்கு போன் அலறும். பயனருக்கு எந்தப் பாதிப்பும் இருக்காது, நீங்கள் செய்ய ஒன்றும் இருக்காது. பத்து முறை இப்படி எழுந்தவர் பதினோராவதை மியூட் செய்வார், பேமென்ட் படுத்தது அன்றைக்குத்தானாக இருக்கும். ரன்புக்கை, அதாவது கோளாறு வந்தால் என்ன செய்வது என்ற படிப்படிக் குறிப்பை, திறந்தால் மூன்றாவது படியில் "இவரைக் கூப்பிடவும்" என்று போன மாதம் விலகியவர் பெயர் இருக்கும்.

இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. கூகுளின் எஸ்.ஆர்.இ. பிரிவு (சர்வீஸ்கள் படுக்காமல் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர்கள்) வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: ஒரே இடத்தில் இருக்கும் குழு 24 மணி நேரமும் பார்க்க வேண்டுமென்றால் குறைந்தது 8 பேர் வேண்டும், 12 மணி நேர ஷிப்டுக்கு இரண்டு சம்பவத்துக்கு மேல் கூடாது. முதலில் போன் எடுப்பவராக ஒரு வாரம், அவருக்குத் துணையாக ஒரு வாரம் என்று சுற்றினால் எட்டுப் பேரில் ஒருவருக்குக் கால்வாசிக் காலம் ஆன்காலில் போகும். நீங்கள் சேரப்போகும் டீமில் மூன்று பேர் என்றால், மூன்றில் இரண்டு வாரம் போன் பக்கத்திலேயே தூக்கம். "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்பவர்களுக்கு: இல்லை. ஆள் போதாத இடத்தில்தான் இப்படி.

மேனேஜர் மாறுவதும் நடக்கும், அதுவும் ரிவியூவுக்கு ஒரு மாதம் முன்பு. வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, நீங்கள் செய்ததில் என்ன டெப்ளாய் ஆனது (பயனர்களுக்குப் போனது), அதை யார் கேட்டது, முன்பு எத்தனை நொடி எடுத்தது, இப்போது எத்தனை நொடி என்று எழுதி வையுங்கள். பழைய மேனேஜர் போவதற்குள் உங்களைப் பற்றி நாலு வரி மெயில் வாங்கிவிடுங்கள். அவருடைய லாகின் மூடியபின் அலைய முடியாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வேகம் வேகம் என்று பீற்றிக்கொள்ளும் கம்பெனிகள் இன்டர்வியூவில் எட்டு மணி நேர வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் பதில் போடாமல் இருப்பது என்ன கணக்கு? ஓசியில் வேலை வாங்கிக்கொண்டு, எங்கே தவறியது என்று ஒரு வரி எழுதக்கூட வலிக்கிறது. ஆள் எடுக்கும் டீமுக்கே ஆள் போதவில்லை என்பார்கள். அது எங்கள் தலைவலியா?

சரி, உங்கள் விஷயம். எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள்: மொத்தப் பங்கு எத்தனை, வாங்கும் விலை என்ன, விலகியபின் எத்தனை நாள், முதலீட்டாளர்களின் முன்னுரிமைத் தொகை எவ்வளவு. ஆன்காலைப் பற்றி மேனேஜரிடம் கேட்காதீர்கள். டீமில் உள்ள ஒருவரிடம் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லி, போன வாரம் ராத்திரி எத்தனை முறை எழுந்தார் என்று கேளுங்கள். பங்கு விவரம் ரகசியம் என்று பதில் வந்தால் ஆப்ஷனுக்குப் பூஜ்யம் போட்டு, சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.