சிங்கப்பூரில் பழைய சாமான்களை ஆன்லைனில் விற்பதும் வாங்குவதும் எப்படி? ஏமாறாமல் இருக்க வழி உண்டா?

பதினோரு வருடத்தில் நான்கு வீடு மாறியிருக்கிறேன். எல்லாமே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் வாடகை வீடு. ஒவ்வொரு முறையும் பாதிச் சாமானை விற்றுவிட்டு, புது வீட்டுக்குப் போனதும் அதே சாமானை வேறு யாரிடமோ வாங்கியிருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்த அசட்டுத்தனம் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

கேட்டவர் அடுத்த மாதக் கடைசியில் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுக்கவேண்டும், சோபா, கட்டில், சலவை மெஷின், கிரைண்டர் எல்லாம் கிடக்கிறது, புது வீட்டுக்கும் சிலது வாங்கவேண்டும் என்கிறார். அப்படியென்றால் இன்று ராத்திரியே போட்டோ எடுத்து, பழைய சாமான் விற்கும் செயலியான கரோசலிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் போட்டுவிடுங்கள். விலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஏன் இந்த அவசரம் என்றால், என் சோபா கதையைக் கேளுங்கள். மூன்று பேர் உட்காரலாம், 900 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியது, இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 450 என்று போட்டேன். அன்று மாலையே ஒருவர் 300 கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாதி விலைக்குக் கொடுக்கிறேன், அதிலும் பேரமா என்று பதில்கூடப் போடவில்லை. இரண்டு வாரம் கழித்து 250 ஆக்கினேன். பிறகு 100. சாவி கொடுக்க மூன்று நாள் இருக்கும்போது "இலவசம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போட்டேன். பத்து நிமிடத்தில் இருபது பேர் கேட்டார்கள். ஒருவரும் வரவில்லை. அந்த 300 வெள்ளிக்காரருக்கு வெட்கத்தை விட்டுச் செய்தி அனுப்பினேன். "ஆல்ரெடி பாட்" (ஏற்கெனவே வாங்கியாயிற்று) என்று இரண்டே வார்த்தை வந்தது.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. லாரிக்காரரைக் கேட்டால் ஒரு நடைக்கு எண்பது வெள்ளி என்றார். வாங்க வருகிறவர் கணக்கில் என் சோபாவின் விலை தனியாக நிற்பதே இல்லை. லாரி, தூக்க ஓர் ஆள், அலுவலகத்துக்கு அரைநாள் லீவு, இத்தனையும் சேர்த்துத்தான் அவர் பார்க்கிறார். நான் சும்மா கொடுத்தாலும் அவருக்கு அது நூற்றைம்பது வெள்ளி சோபா. நமக்கு நாள் குறையக் குறைய விலையும் குறைந்துகொண்டே போகும். அதனால் பெரிய சாமானுக்கு முதல் வாரத்தில் வரும் சுமாரான விலையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர், புத்தகம், பாத்திரம் மாதிரி கையில் தூக்கிப் போகக்கூடியதற்கு மட்டும் பிடிவாதம் பிடிக்கலாம்.

விளம்பரத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். உங்கள் மாடியில் லிப்ட் நிற்குமா, கட்டிலைக் கழற்றி வைத்திருக்கிறீர்களா, திருகாணிகளைப் பையில் போட்டு ஒட்டியிருக்கிறீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். கீறல் இருந்தால் அதைத்தான் முதலில் படம் எடுக்கவேண்டும். நேரில் வந்து பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போகிறவரால் உங்களுக்கு ஒரு சனிக்கிழமை நஷ்டம். இதே சாமான் ஏற்கெனவே என்ன விலைக்குப் போய் 'சோல்ட்' ஆகியிருக்கிறது என்று தேடிப் பார்த்தால் விலை தன்னால் பிடிபடும். நாம் வாங்கிய விலை என்ன என்பது யாருக்கும் வேண்டாத தகவல்.

அரட்டைப் பெட்டியில் வருகிற மொழிக்குப் பழகிக்கொள்ளுங்கள். "ஸ்டில் அவைலபிள்?", "கேன் லெஸ்?", "லாஸ்ட் பிரைஸ்?" என்று வணக்கம்கூட இல்லாமல் வரும். அது மரியாதைக்குறைவு இல்லை, இந்த ஊர் சுருக்கம். தேக்கா சந்தையில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிற நமக்கு இதில் என்ன கூச்சம்? "எப்போது வந்து எடுப்பீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். நாளும் நேரமும் சொல்கிறவருக்கு ஐந்து பத்து குறைத்துக் கொடுக்கலாம். முன்பணம் இல்லாமல் யாருக்கும் எடுத்து வைக்காதீர்கள். வாங்கும்போது மட்டும் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆமாம், எனக்கு இரண்டு நாக்குதான்.

சின்னச் சாமானுக்கு எம்ஆர்டி ரயில் நிலையம் வசதி. பீஷானில் ஒரு பையனுக்குப் பழைய கீபோர்டு விற்றேன். அவன் டிக்கெட் வாயிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், நான் இந்தப் பக்கம். வெளியே வந்தால் மறுபடி கார்டு தட்டவேண்டுமே! கீபோர்டு மேலாகப் போனது, பேநவ்வில் (கைபேசி எண்ணுக்கே வங்கிப் பணம் அனுப்பும் வசதி) காசு வந்தது, அவன் அடுத்த ரயிலைப் பிடித்தான். மொத்தம் ஒன்றரை நிமிடம். பக்கத்திலேயே இன்னும் இரண்டு ஜோடி அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. முன்பு சுங்கை ரோட்டில் தரையில் விரித்து வைத்து விற்பார்கள், தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். திருட்டுச் சந்தை என்று பெயர். 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். அந்தச் சந்தை இப்போது நிலையத்துக்கு நிலையம், புளோக்குக்குப் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) சிதறிக் கிடப்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

வாங்குவதற்கு வருகிறேன். இதில் எனக்குப் பாடம் எடுத்தவர் யீஷூனில் இருந்த ஓர் அக்கா.

அதற்கு முன்னால் என் முட்டாள்தனத்தைச் சொல்லவேண்டும். மனைவி ஊருக்குப் போயிருந்த மாதத்தில், மாவுதான் பாக்கெட்டில் கிடைக்கிறதே என்று வீட்டுக் கிரைண்டரை அறுபது வெள்ளிக்கு விற்றுவிட்டேன். வாங்கியவர் ஒரு சீன ஆன்ட்டி. அரிசி அரைத்து குவே என்ற பலகாரம் செய்யப்போகிறாராம், கல்லைத் தடவிப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டார். (ஆகவே கிரைண்டருக்கு 'இட்லி' என்று மட்டும் போடாதீர்கள், 'ரைஸ்' என்றும் போடுங்கள்.) மனைவி திரும்பி வந்த அன்றே மறுபடி கிரைண்டர் தேட ஆரம்பித்தேன்.

யீஷூன் அக்கா குடும்பத்தோடு ஊருக்கே திரும்புகிறவர். விலை எழுபது. நான் பேநவ் பண்ணப் போனேன், அவர் விடவில்லை. "இருங்க தம்பி, ரெண்டு டம்ளர் உளுந்து ஊறப்போட்டிருக்கேன். ஓட்டிப் பாத்துட்டுக் காசு குடுங்க" என்றார். இருபத்தைந்து நிமிடம் அவர் வீட்டு அடுப்படியில் நின்றோம். பெல்ட் வழுக்குகிற சத்தம் வருகிறதா கேளுங்க, கல்லுக்கு அடியில கறுப்பா எண்ணெய் கசியுதா பாருங்க, மாவு பொங்கி மேல வரணும், இல்லேன்னா கல்லு தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த மாவையும் ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தார். தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வீடு காலி.

அன்றிலிருந்து ஓட வேண்டிய எந்தப் பொருளையும் ஓட்டிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. சலவை மெஷின் என்றால் சுழற்சி வரைக்கும் பார்க்கவேண்டும். போன் என்றால் விற்பவர் தன் கணக்கிலிருந்து என் கண்முன்னே வெளியேறி, முழுதாக அழித்து, மறுபடி திறந்து காட்டவேண்டும். பழைய கணக்கில் பூட்டிக் கிடக்கிற ஐபோன் வெறும் கண்ணாடிச் சில்லுதான். ஊரிலிருந்து வந்த சாமானுக்கு மின்னழுத்தம் பிரச்சினை இல்லை, அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட். உருண்டை முள் பிளக்கை மாற்றி இங்குள்ள சதுர முள் பிளக் போட்டால் போதும். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் விற்கும் மிக்சி மாதிரி சாமானில் மட்டும் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இவ்வளவு பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2012 செப்டம்பரிலிருந்து இங்கே 'லெமன் லா' இருக்கிறது. கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் கடைக்காரரைக் கேட்கலாம், பழைய பொருள் விற்கும் கடையும் அதில் அடங்கும். ஆனால் உங்களை என்னை மாதிரி தனிமனிதர் தன் வீட்டுச் சாமானை விற்றால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. அவர் வீட்டுக் கதவைத் தாண்டியபிறகு கிரைண்டர் உங்களுடையது.

மின்-ஸ்கூட்டர் மலிவாக வந்தால் தொடாதீர்கள். 2020 ஜூலையிலிருந்து யூஎல் 2272 என்ற தீப் பாதுகாப்புத் தரச் சான்று இல்லாததைப் பொதுப் பாதைகளில் ஓட்ட முடியாது. பேட்டரி தீப்பிடித்த செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். விற்கும் பக்கத்திலும் ஒன்று: ஊரிலிருந்து கொண்டுவந்து மிஞ்சிய மாத்திரை, மருந்து எதையும் போடாதீர்கள், உரிமம் இல்லாமல் மருந்து விற்பது குற்றம். வேப் (மின்-சிகரெட்), சூயிங்கம் விற்கக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இனி ஏமாற்று. நானே விழ இருந்தேன்.

பிள்ளை வளர்ந்துவிட்டதால் அவன் கட்டிலை எண்பது வெள்ளிக்குப் போட்டேன். ஐந்தாவது நிமிடம் ஒருவர் வந்தார். பேரம் இல்லை, அளவு கேட்கவில்லை, எந்தப் புளோக் என்றுகூடக் கேட்கவில்லை. கூரியர் வந்து எடுத்துக்கொள்வார், காசு கட்டிவிட்டேன், இந்த இணைப்பை அழுத்தி உங்கள் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அழுத்தினால் நிஜமான பக்கம் போலவே இருந்தது, என் கட்டில் படமும் அதில் இருந்தது. கார்டு எண்ணைப் போட்டுவிட்டேன். போனுக்கு ஓடிபி வந்தது. அதையும் அடிக்கப் போகும்போது பின்னாலிருந்து மனைவி கேட்டாள், "நமக்குக் காசு வர்றதுக்கு எதுக்கு ஓடிபி?"

கை அப்படியே நின்றது. அவள் கேட்டது சரிதான். பேநவ்வில் காசு வாங்க என் கைபேசி எண் ஒன்று போதும். கார்டு, கடவுச்சொல், ஓடிபி, சிங்பாஸ் (அரசின் மின்-அடையாளக் கணக்கு) எதுவும் வேண்டாம். உடனே வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கினேன். உங்கள் வங்கிச் செயலியிலேயே கணக்கை அவசரமாக முடக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள், பதற்றத்தில் தேடினால் கிடைக்காது. சந்தேகமாக ஏதாவது வந்தால் 1799க்கு அழைத்துக் கேட்கலாம், மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது.

பேரமே பேசாத ஆள்தான் எனக்கு இப்போது பயம். அதேபோல அரட்டையை விட்டு வாட்ஸ்அப்புக்கு வா என்று இழுக்கிறவரையும் நம்புவதில்லை. பேநவ் அனுப்பியதாக யாராவது ஸ்க்ரீன்ஷாட் காட்டினால் அதைப் பார்த்துச் சாமானைக் கொடுக்காதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். வந்தவருக்குக் கோபம் வந்தால் வரட்டும். நீங்கள் வாங்கும்போது, அனுப்பும் முன் திரையில் தெரிகிற பெயரும் எதிரில் நிற்கிறவரும் ஒத்துப்போகிறார்களா பாருங்கள். பாதி விலை போன், கச்சேரி டிக்கெட், முன்பணம் கட்டினால் டெலிவரி என்பதெல்லாம் வந்தால் நான் பதில் போடாமல் நகர்ந்துவிடுவேன்.

கடைசியில் விற்காமல் மிஞ்சுவது. பழைய பேப்பர், துணி, கெட்டுப்போன டிவிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வரும் காராங் கூனி அங்கிள் இருக்கிறார். (மலாயில் அந்தப் பெயருக்குக் கோணிப்பை என்று பொருள், நம் கோணியும் அந்தக் கூனியும் ஒரே குடும்பம்.) பெரிய சாமானை வீவக வீடுகளில் நகர மன்றத்துக்கு போன் செய்தால் இலவசமாக எடுத்துப் போவார்கள், ஆனால் மாதத்துக்கு இத்தனைதான் என்று கணக்கும், முன்பதிவும் உண்டு. என் சோபா அப்படித்தான் போனது. எடுக்கும்வரை நடைபாதையில் போட்டுவைக்கலாம் என்று நினைக்காதீர்கள், தீப் பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்ற விதி இருக்கிறது, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் அது தெரியும். சாவி கொடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே நகர மன்றத்தில் நாள் வாங்கி வையுங்கள். அதற்குள் விற்றுவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.

உங்கள் கிரைண்டர் இரண்டு லிட்டரா? சாய்த்து ஊற்றுகிற வகையா? ஆம் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். என் மச்சான் உட்லண்ட்ஸில் புதுசாகக் குடி வந்திருக்கிறான். உளுந்தை நானே ஊறவைத்துக் கொண்டுவருகிறேன்.