பயாவ் ஏரியில் படகிலேயே கோயிலை வலம் வரும் விழாவுக்கு எப்போது, எப்படிப் போவது?

வட தாய்லாந்தின் பயாவ் மாகாணத்தில் இந்த விழா வருடத்துக்கு மூன்று முறை நடக்கும்: மாகா பூச்சா, விசாக பூச்சா, ஆசாள பூச்சா. மூன்றும் பௌர்ணமியில் வரும் புத்த சமயத் திருநாட்கள். ஆனால் நம் காலண்டரில் புத்த பூர்ணிமாவைப் பார்த்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். 2026இல் இந்தியாவில் அது மே 1. தாய்லாந்தில் விசாக பூச்சா மே 31. அவர்கள் நாட்காட்டியில் கூடுதலாக ஒரு மாதம் (அதிக மாதம்) சேரும் ஆண்டில் மூன்று விழாக்களும் ஒரு மாதம் தள்ளிப் போகும். ஆகவே அந்தந்த ஆண்டின் தாய் அரசு விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள். விழா சனி, ஞாயிறில் வந்தால் திங்கட்கிழமை ஈடு விடுமுறை விடுவார்கள். அன்று போனால் ஏரியில் விழா இருக்காது.

வலம் வருவது வாட் திலோக் ஆராம் என்ற கோயிலை. 15ஆம் நூற்றாண்டில், வட தாய்லாந்தின் பழைய லான்னா அரசை ஆண்ட மன்னர் திலோகராஜர் காலத்தில் கட்டியது. 1940 வாக்கில் மதகு கட்டி நீரைத் தேக்கியபோது கோயில் மூழ்கிப்போனது. இப்போது நீருக்கு மேலே தெரிவது சிறிய மேடையும் அதில் ஒரு மணற்கல் புத்தர் சிலையும்தான். பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். அந்தி சாயும் நேரத்தில் துடுப்புப் படகுகள் வரிசையாக மேடையை வலமாக மூன்று சுற்று வரும். ஒவ்வொருவர் கையிலும் மெழுகுவத்தி, ஊதுபத்தி, பூ. ஏரிக்காற்றில் சுடர் அடிக்கடி அணையும். காகிதக் குவளைக்குள் வைத்துக்கொண்டால் நிற்கும், லைட்டரும் கையில் இருக்கட்டும். படகில் இடம் குறைவு, அதனால் பொழுது சாய்வதற்கு வெகு முன்பே துறைக்குப் போய்விடுங்கள். லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதீர்கள். மற்ற நாட்களிலும் படகில் போய்ப் பார்க்கலாம்; கையில் தாய் நாணயமான பாட் சில்லறையாக வேண்டும்.

மூன்றில் எது நல்லது? மாகா பூச்சா சமயத்தில் மழை கிடையாது. ஆனால் வடக்கில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகை மூட்டம். எதிர்க்கரை மலையே தெரியாமல் போகலாம், ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. ஆசாள பூச்சா நடு மழைக்காலத்தில் வரும். என் தேர்வு விசாக பூச்சாதான், மாலை மழைக்குத் துணிந்தால். அதே பௌர்ணமியில் கரையோர வாட் ஸ்ரீ கோம் காம் கோயிலிலும் திருவிழா. அங்குள்ள ப்ரா சாவ் தோன் லுவாங், லான்னா பாணிப் புத்தர் சிலைகளிலேயே மிகப் பெரியது. 1491இல் தொடங்கி 1524இல் முடித்தார்கள். காலையில் இங்கே, மாலையில் ஏரியில் என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது, எதையும் நேராக அவர்கள் கையில் கொடுக்கவும் கூடாது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கடையில் ‘ஜே’ (மீன், இறைச்சி எதுவும் சேராத உணவு) என்று சொல்லுங்கள். ‘காய்கறி’ என்று மட்டும் கேட்டால் மீன் சாஸ் ஊற்றித்தான் வரும்.

பயாவில் பயணிகள் விமானம் இறங்காது. சியாங் ராய்க்குப் பறந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சியாங் மாயிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். விழா முடிந்து இரவில் திரும்பப் பஸ்ஸை நம்பாதீர்கள். ஏரிக்கரைப் பக்கமே அறை எடுங்கள், அதையும் முன்கூட்டியே.