பயணக் கேள்வி-பதில்: லங்காஸ்டரும் லிங்கன் கதீட்ரலும்

மே மாதக் கடைசியில் நானும் மனைவியும் பத்து நாள் இங்கிலாந்து போகிறோம். எனக்குப் பழைய விமானங்கள், அவருக்குத் தேவாலயக் கட்டடக்கலை. லண்டன், பர்மிங்காம், யார்க், பிரிஸ்டல் என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரிவருமா?
— வாசகர், கோவை

சரிவராது, பாதிப் பொழுது ரயிலிலேயே போய்விடும். லண்டனுக்கு இரண்டு மூன்று நாள் வைத்துக்கொண்டு, மீதியை கேம்பிரிட்ஜ், லிங்கன் இரண்டுக்கும் பிரித்துக்கொடுங்கள். இருவர் ஆசையும் ஒரே வட்டாரத்தில் நிறைவேறும். கிழக்கு இங்கிலாந்து தட்டையான நிலம், ஐரோப்பாவைப் பார்த்த பக்கம். அதனால் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத் தளங்கள் அங்கே நெருக்கி நெருக்கி அமைந்தன. அதே சீமையில் இடைக்காலத்தில் ஆட்டு ரோம வியாபாரம் கொழித்தது. அந்தப் பணம்தான் சின்னச் சின்ன ஊர்களில்கூடப் பிரம்மாண்டமான தேவாலயங்களாக நிற்கிறது.

ரயிலுக்கு, சேர்ந்து பயணிக்கும் இருவருக்கான 'டூ டுகெதர்' ரயில் கார்டு வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை 9.30க்கு முன் அது செல்லாது.

டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தை ஒரே நாளில் முடிக்கலாமா? கார் இல்லாமல் போக முடியுமா?
— வாசகர், திருச்சி

முடியும், ஆனால் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த விமான அருங்காட்சியகத்துக்கு முழு நாளும் வேண்டும். கேம்பிரிட்ஜிலிருந்து விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வே ரயில் நிலையம். அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர். இறங்கியதும் டாக்சி வரிசையில் நிற்கும் என்று நம்பாதீர்கள். போகவும் வரவும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எல்லோரும் செய்யும் தவறு, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர்ஸ்பேஸ் கூடத்திலேயே மதியம் வரை நின்றுவிடுவது. ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம் கான்கார்டு அங்கேதான் இருக்கிறது, நகர மனசு வராதுதான். பிறகு ஓடுதளத்தை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து மேற்குக் கோடிக்கு வரும்போது காலும் ஓய்ந்திருக்கும், நேரமும் இருக்காது. தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் மேற்குக் கோடி அமெரிக்க விமானக் கூடம், அங்கிருந்து திரும்பி வாருங்கள். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1997இல் திறந்த கட்டடம் அது. உள்ளே நிற்கும் பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை நீளம் 56 மீட்டருக்கும் மேல். அதை மனதில் வைத்துத்தான் கூடத்தின் அகலத்தையே தீர்மானித்தார்கள். எஸ்ஆர்-71 பிளாக்பேர்டு உளவு விமானமும் அங்கேதான்.

நடுவில் 1940ஆம் ஆண்டின் போர்க் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. சின்ன இடம், பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். கான்கார்டு ஏன் இங்கே வந்தது என்று கேட்பார்கள்: எம்-11 நெடுஞ்சாலை போடும்போது ஓடுதளத்தின் ஒரு பகுதி போகப்போகிறது என்று தெரிந்து, அதற்கு முன்பே 1977இல் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

விமானங்கள் நிற்கும் ஹேங்கர் கொட்டகைகள் மே மாதத்திலும் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். விமான சாகச நாட்களுக்குத் தனி டிக்கெட். தேதி பார்க்காமல் போய் நிற்காதீர்கள்.

தேவாலயத்துக்குள் செருப்பைக் கழற்ற வேண்டுமா? எந்தக் காலத்துக் கட்டடம் என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, மதுரை

செருப்பு இருக்கட்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்றினால் போதும்.

காலம் தெரிய ஜன்னலையும் வளைவையும் பாருங்கள். தடித்த தூண், அரைவட்ட வளைவு என்றால் நார்மன் பாணி; பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066க்குப் பின் வந்த நூற்றுச் சொச்ச ஆண்டுகள். ஒடுங்கி உயர்ந்த கூர்முனை ஜன்னல் என்றால் 13ஆம் நூற்றாண்டு. ஜன்னலுக்குள் கல் கொடிபோல் வளைந்து நெளிந்தால் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. நேர்க்கோடுகள் கம்பி போட்டதுபோல் மேலிருந்து கீழே இறங்கினால் அதற்கும் பிந்தையது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயம் இந்தக் கடைசி வகையின் உச்சம். ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான கட்டடங்கள் கலப்படம். ஒரு ஜன்னலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பழகிக்கொள்ள ஈலி கதீட்ரல் அருமையான இடம். கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான். நீண்ட நடுக்கூடம் நார்மன். 1322இல் நடுக்கோபுரம் இடிந்து விழ, அந்த இடத்தில் எண்கோணமாகக் கட்டி, உச்சியில் ஓக் மரத்தால் விளக்குக்கூண்டு போல ஒன்றை ஏற்றினார்கள். வெளியிலிருந்து கல் போலவே தெரியும்! மேலே ஏற வழிகாட்டியோடுதான் விடுவார்கள்; குறுகலான படிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே அண்ணாந்து பார்க்கலாம். பக்கத்து மாதா தேவாலயத்தில் சிற்பங்களுக்குத் தலை இல்லை. மதச் சீர்திருத்தக் காலத்தில் உடைத்தது.

பெரிய கதீட்ரல்களில் பல நுழைவுக் கட்டணம் வாங்கும். வழிபாட்டுக்கு வருகிறவர்களிடம் வாங்குவதில்லை. மாலை 'ஈவன்சாங்' வழிபாட்டில் உட்கார்ந்தால் பாடகர் குழுவையும் கேட்கலாம். சுற்றிப் பார்ப்பதோ படம் எடுப்பதோ அப்போது கூடாது. கிராமத் தேவாலயம் பூட்டியதுபோல் இருந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள். இரும்பு வளையத்தைப் பிடித்து அழுத்தித் திருகினால் உள்ளே தாழ் உயரும். நிஜமாகவே பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று முகப்பில் எழுதி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வெளியே வரும்போது கதவைச் சாத்துங்கள், பறவை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கையில் பைனாகுலர் இருக்கட்டும்: மார்ச் என்ற ஊரின் புனித வெண்ட்ரடா தேவாலயக் கூரையில் நூற்றுக்கு மேற்பட்ட மரத் தேவதைகள், வெறும் கண்ணுக்குப் பாதிதான் தெரியும்.

லங்காஸ்டர் விமானத்தின் இன்ஜின் சத்தத்தை நேரில் கேட்க வேண்டும்.
— வாசகர், சேலம்

லங்காஸ்டர், இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். அதற்கு லிங்கன் நகரம் இருக்கும் லிங்கன்ஷயர் போங்கள். கானிங்ஸ்பி விமானப்படைத் தளத்தில் இருக்கும் பிஏ474, இன்றும் பறக்கக்கூடிய இரண்டே லங்காஸ்டர்களில் ஒன்று, மற்றது கனடாவில். ஆனால் கோடையில் அது நிகழ்ச்சிகளுக்குப் பறந்து போயிருக்கலாம். சத்தம்தான் முக்கியம் என்றால் ஈஸ்ட் கிர்க்பி விமான அருங்காட்சியகம்: அங்குள்ள 'ஜஸ்ட் ஜேன்' என்ற லங்காஸ்டர் பறக்காது, ஆனால் நான்கு மெர்லின் இன்ஜின்களும் உறும தரையில் ஓடும். எல்லா நாளும் ஓடாது. தேதியைப் பார்த்து முன்பதிவு செய்தபின் மற்றதைத் திட்டமிடுங்கள். இந்த இரண்டு இடத்துக்கும் ரயில் கிடையாது, கார் வேண்டும். நம் ஊர் ஓட்டுநர் உரிமம் செல்லும், இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விடுவதைத்தான் நம்மவர்கள் மறக்கிறார்கள்.

கானிங்ஸ்பி ஊருக்குள் தேவாலயக் கோபுரத்தைப் பாருங்கள்: ஐந்து மீட்டர் அகலக் கடிகாரம், ஒரே முள். மணி தெரியும், நிமிடத்தை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

லிங்கன் கதீட்ரல் குன்றின்மேல். குண்டுவீச்சு விமானிகள் திரும்பி வரும்போது அதைத்தான் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்க மேட்டில் அவர்களுக்கான நினைவுத் தூண், 31 மீட்டர் உயரம். ஒரு லங்காஸ்டரின் இறக்கைகள் முனைக்கு முனை அவ்வளவு நீளம்.

லண்டனில் அரை நாள்தான் கிடைக்கும். விமானம், தேவாலயம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடம்?
— வாசகி, சென்னை

ஸ்ட்ராண்டு தெருவில் செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ் தேவாலயம். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டியது. 1941 மே மாதக் குண்டுவீச்சில் சுவர்கள்தான் மிஞ்சின. 1958இல் விமானப்படையின் தேவாலயமாக மீண்டும் திறந்தது. தரையில் படைப்பிரிவுகளின் சின்னங்கள் 800க்கு மேல், கல்லில் செதுக்கிப் பதித்தவை. சென்னைக்காரர்கள் 79, 234, 264 எண்களைத் தேடிப் பாருங்கள். மூன்று பிரிவுகளின் பெயரிலும் 'மெட்ராஸ் பிரசிடென்சி' சேர்ந்திருந்தது. போர்க்காலத்தில் விமானம் வாங்க இங்கிருந்து போன நன்கொடைக்கான மரியாதை.