நீதிமன்றம் சொல்லியும் தாபரிப்புப் பணம் கட்டாவிட்டால் என்ன செய்வது? விவாகரத்து எடுத்தால் அது நின்றுவிடுமா?

மனைவி, பிள்ளையின் செலவுக்கான தாபரிப்புப் பணத்தை மாதாமாதம் கட்டும்படி நீதவான் உத்தரவிட்டும் கணவர் சில மாதங்களாகக் கட்டவில்லை, இப்போது விவாகரத்துக்கும் நெருக்குகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சட்டத்தரணி இல்லை. என் தங்கச்சியின் தாபரிப்பு வழக்குக்குத் திருகோணமலை கோட்டுக்கு அவளோடு அலைந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அவர் கட்டவில்லை என்பது நீங்கள் போய்ச் சொன்னால்தான் கோட்டுக்குத் தெரியும். உத்தரவு வந்துவிட்டது, இனி எல்லாம் தானாக நடக்கும் என்று பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் தவறினாலே அதே வழக்கில் நிலுவை கேட்டு விண்ணப்பம் போடுங்கள். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி அந்தப் பணத்தைத் தண்டப்பணம் போல அறவிடலாம், அதற்கும் வழியில்லை என்றால் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கலாம். அரசாங்க வேலையோ கம்பெனி வேலையோ என்றால் சம்பளத்திலிருந்தே வெட்டித் தரும்படி உத்தரவு கேட்கலாம், அதைப்போல நிம்மதி வேறில்லை.

எங்கள் மச்சான் கடல் தொழில். சம்பளச் சிட்டை எங்கே இருக்கு? வாடைக் காலத்தில் கடல் கொந்தளிப்பு, தொழில் இல்லை என்பார், அது உண்மைதான், ஆனால் சோளகத்தில் மீன் பட்டபோதும் அதே கதையைத்தான் சொன்னார். தங்கச்சி, அவர் பெயரில் பதிந்திருந்த ஃபைபர் போட்டின் இலக்கம் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படத்தைச் சட்டத்தரணியிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு வருமானமே இல்லை என்ற பேச்சு எடுபடவில்லை. நிலுவை விசாரணைக்கு வந்த அன்று “ஒரு சதமும் இல்லை ஐயா” என்று கூண்டில் நின்றவர், உள்ளே போகவேண்டி வரும் என்றதும் வாசலில் நின்ற தமையனைப் பார்த்தார், தமையன் வெளியே ஓடினார், மத்தியானத்துக்குள் காசு வந்துவிட்டது. ஒரு சந்தோஷமும் இல்லை எங்களுக்கு, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டிய காசு இப்படித்தானா வரவேண்டும்!

இன்னொன்று, கையில் காசு வாங்காதீர்கள். கோட்டில் கட்டட்டும், இல்லையென்றால் உங்கள் வங்கிக் கணக்கில் போடட்டும். சந்தியில் வைத்துத் தந்த ஐயாயிரத்தைப் பத்தாயிரம் என்று பிறகு சத்தியம் பண்ணுவார்கள், உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

அப்புறம் விவாகரத்து. அது மாவட்ட நீதிமன்ற விவகாரம், தாபரிப்பு வழக்கு நடப்பது நீதவான் நீதிமன்றத்தில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அவர்கள் பக்கத்துக்குத்தான் வசதி. விவாகரத்து முடிந்துவிட்டால் மனைவி என்ற முறையில் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீங்கள் கேட்க முடியாது, ஆகவே உங்களுக்கான நிரந்தரத் தாபரிப்பை விவாகரத்து வழக்குக்குள்ளேயே கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும். “இப்ப கையெழுத்துப் போடு, பிறகு பார்த்துச் செய்வம்” என்று மாமி வந்து அழுதாலும் போடாதீர்கள். பிள்ளைக்கான பணம் வேறு கதை, நீங்கள் பிரிந்தாலும் அவர் தகப்பன்தானே, அது தொடரும். பதினெட்டு ஆனதும் தப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள், ஆனால் 18 முதல் 25 வயது வரையான பிள்ளையும் தன்னைப் பார்த்துக்கொள்ள வழியில்லாவிட்டால் கேட்கலாம். செலவு கூடினால் தொகையைக் கூட்டித் தரவும் விண்ணப்பிக்கலாம், அவரும் வருமானம் குறைந்தது என்று குறைக்கக் கேட்பார், அதற்கும் தயாராக இருங்கள்.

நீங்கள் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சகோதரி என்றால் வழக்குத் தொடங்குவது முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தில். காதியார் போட்ட உத்தரவுக்கும் பணம் வராவிட்டால் அறவிடுவது நீதவான் நீதிமன்றம் வழியாகத்தான்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்குப் பேசித் தருகிறார்கள். போகும்போது பழைய உத்தரவின் பிரதி, விவாக அத்தாட்சிப் பத்திரம், பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், எந்தெந்த மாதம் வந்தது வரவில்லை என்று எழுதிய ஒரு தாள், இவ்வளவையும் கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம்.