டிரேடு என்னவென்று கேட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

என் அப்பா இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குச் சென்று 1990இல் திரும்பியவர். பழைய படைத்தோழர்கள் வீட்டுக்கு வந்தால் விடிய விடியப் பேசுகிறார். எங்களிடம் மட்டும் "அதெல்லாம் பழைய கதை" என்று முடித்துவிடுகிறார். போன மாதம் அலைபேசியில் பதிவை ஓடவிட்டு அவர் முன்னால் வைத்தேன். எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அவருடைய நினைவுகளை நூலாக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது? மனநல ஆலோசனை தேவைப்படுமா?

வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

நூலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஆலோசனை வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். அலைபேசியை எடுத்து முன்னால் வைத்தீர்களே, அதற்கு உங்களை என்ன சொல்வது? பெற்ற தகப்பனாரிடம் வாக்குமூலமா வாங்கப் போனீர்கள்?

உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்புதான் பாளையங்கோட்டையில் ஒரு வங்கி வாசலில் காவல் நிற்கும் முன்னாள் ஹவில்தாரிடம் கல்லூரிப் பையன் ஒருவன், "எத்தன பேரச் சுட்டிய?" என்று கேட்டுக்கொண்டு நின்றான். அவர் முகம் மாறாமல், "பாஸ்புக் போடணும்னா மூணாவது கவுண்டர் தம்பி" என்றார். நம் ஊரில் மிலிட்டரிக்காரரிடம் கேட்பதற்கு இந்தக் கேள்வியை விட்டால் கேன்டீனில் ஒரு பாட்டில் கிடைக்குமா என்ற கேள்விதான் மிச்சம்.

அமைதிப்படையிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு கேள்வியும் காத்திருந்தது. என் தாய்மாமா அந்தப் படையில் லாரி ஓட்டியவர். கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பிய முதல் வாரமே டீக்கடையில் ஒருவர், "நம்ம ஆளுவளையா சுட்டுட்டு வந்திய?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். மாமா குடித்த டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டதைத் தமிழர் எவரும் மறக்க முடியாது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னையில் வந்திறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை; அந்த மனநிலை தமிழகத்தில் பலருக்கும் இருந்தது. ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்களும் அங்கே மாண்டார்கள் என்பதை அந்த டீக்கடையில் யாரும் நினைக்கவில்லை. ஆனால் தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு கேட்கிறவனுக்கு மனிதன் எதற்காகப் பதில் சொல்ல வேண்டும்?

மாமா வாய் திறந்தது சில வருடங்கள் கழித்து, தென்காசி சாலையில் இருந்த ஒரு லாரிப் பட்டறையில். மெக்கானிக் ஒருவர், அவருக்குப் போரும் தெரியாது அரசியலும் தெரியாது, "கண்ணிவெடி வச்ச ரோட்டுல எப்படிண்ணே வண்டி ஓட்டுவிய?" என்று கேட்டார். மாமா அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கித் தரையில் இரண்டு கோடு இழுத்தார். முன்னால் போகும் சக்திமான் லாரியின் சக்கரத் தடத்திலேயே தன் சக்கரத்தையும் விட வேண்டும் என்றும், காலுக்கடியில் மணல் மூட்டை அடுக்கியிருப்பதால் கிளட்சை மிதிக்க முழங்காலைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போகும் என்றும், ரோட்டில் புதிதாகத் தோண்டி மூடிய மண் நிறம் வேறாகத் தெரியும் என்றும், சின்னப் பாலம் வந்தால் மூச்சை அடக்கிக்கொள்வதில் பயன் ஒன்றும் இல்லை, ஆனாலும் எல்லாரும் அடக்கிக்கொள்வோம் என்றும் சொல்லிக்கொண்டே போனார். பல வருடம் கூட இருந்த எங்கள் வீட்டார் யாருக்கும் அதில் ஒரு வார்த்தை தெரியாது. கொத்தனாரிடம் சாரம் கட்டுவதைப் பற்றிக் கேட்பதுபோல அவரிடம் தொழிலைக் கேட்டவர் அந்த மெக்கானிக் ஒருவர்தான். இராணுவத்தில் சமையல்காரர் உண்டு, கம்பியில்லாத் தந்திக்காரர் உண்டு, நாவிதர் உண்டு, கோவேறு கழுதை மேய்ப்பவர்கூட உண்டு; நம் ஆட்களுக்கோ சிப்பாய் என்றால் துப்பாக்கியும் பிணமும்தான்.

உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். அப்பா எந்த ரெஜிமெண்ட், என்ன டிரேடு (அதாவது படையில் பார்த்த தொழில்), எந்த ஊரில் இருந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் படுகிறது. நவம்பரில் பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுக்க அவர் போகும்போது வண்டியில் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். கையில் டிஸ்சார்ஜ் புக், அதாவது படையில் அவர் பார்த்த பணி விவரம் எழுதிய புத்தகம், வைத்திருப்பார், அதை வாங்கிப் பாருங்கள். அலைபேசி சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.